தென்னை மட்டை வெட்டும் இயந்திரம்: வாய் நீளமாகவும் இருக்க வேண்டும், குட்டி யானை சரக்கு வண்டியிலும் ஏற வேண்டும். வடிவமைப்பு ஆலோசனை தேவை

#1 ஆனைமலை_தோப்பு

வணக்கம். ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நாங்கள் சிலர் பணம் போட்டு, டிராக்டரில் ஓடும் மட்டை வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பட்டறையில் சொல்லிச் செய்யலாம் என்று இருக்கிறோம். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு வருடம் 12 மட்டை என்று குறைத்துப் போட்டாலே 840 மட்டை வருகிறது. இத்தனை நாளும் பாதியை அடுப்புக்குக் கொடுத்தோம், மீதியைக் கொளுத்தினோம். இனிமேல் கொளுத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். தோப்பில் விழுந்தது தோப்பு மண்ணுக்கே போக வேண்டும்.

வாடகைக்கு இரண்டு இயந்திரங்களை எடுத்து ஓட்டிப் பார்த்தோம். ஒன்றில் மட்டையைச் செருகும் வாய் நெஞ்சுயரத்தில் இருந்தது, நீளமும் குறைவு. மட்டையைத் தூக்கி வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். கடைசி இரண்டு அடி உள்ளே போகாமல் நின்றால் ஆட்கள் கையை விட்டுத் தள்ளினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை, நிறுத்தச் சொல்லிவிட்டேன். இன்னொன்றில் வாய் நன்றாக இருந்தது. ஆனால் அது தனிச் சக்கரத்தில் வந்த பெரிய உருப்படி. வாய்க்கால் பாலத்தில் திரும்பவில்லை, சொட்டுநீர்க் குழாய்மேல் ஏறி நசுக்கிவிட்டது.

எங்களிடம் இருப்பது 42 குதிரைத்திறன் டிராக்டர். பத்துக் கிலோமீட்டருக்குள் ஆறேழு தோப்புகள். தோப்புக்குள் டிராக்டரின் பின்னால் கருவி மாட்டும் மூன்று முனை இணைப்பில் தொங்கிப் போக வேண்டும், தோப்பு விட்டுத் தோப்புக்குக் குட்டி யானையிலும் ஏற்ற முடிய வேண்டும். வட்டத் தட்டில் பிளேடு வைப்பதா, உருளையில் வைப்பதா? வாய் எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பட்டறை_சிங்காநல்லூர்

அண்ணா, முதலில் வெட்டும் பகுதியை முடிவு செய்வோம். வட்டத் தட்டே போதும். செய்வது எளிது, பிளேடு மாற்றுவது எளிது, தட்டின் பின்பக்கம் துடுப்பு வைத்தால் தூளை அதுவே வீசிவிடும்.

600 மி.மீ. விட்டம், 25 மி.மீ. கனத் தட்டு என்றால் எடை 55 கிலோ வரும். பி.டி.ஓ. (கருவிகளை ஓட்ட டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று. அதைப் பெல்ட்டில் இரண்டு மடங்காக்கினால் 1080 சுற்று. இரண்டு பிளேடு போட்டால் நிமிடத்துக்கு 2160 வெட்டு. உள்ளிழுக்கும் உருளை நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் மட்டையைத் தள்ளினால் ஒவ்வொரு வெட்டும் 9 மி.மீ. நீளம். ஐந்து மீட்டர் மட்டை 15 நொடியில் முடிந்துவிடும். 42 குதிரைத்திறன் தாராளம்.

உள்ளிழுக்கும் உருளையை மட்டும் விட்டுவிடாதீர்கள். பச்சைக் கிளையைத் தட்டு தானாகவே இழுத்துக்கொள்ளும். காய்ந்த மட்டைக்குக் கனம் இல்லை, தட்டில் பட்டுக் குதிக்கும். குதித்தால் ஆள் கையால் அழுத்துவான். நீங்கள் பார்த்தது அதுதான்.

வாயை அப்புறம் பார்க்கலாம், அது வெறும் தகடு வேலை.

#3 உரக்குழி_உடுமலை

தம்பி, வாயை அப்புறம் பார்க்கலாம் என்று தொடங்கினால் இயந்திரம் முடிந்தபின் மீந்த இடத்தில் வாய் வைப்பீர்கள். வாடகைக்கு வந்தவை எல்லாம் அப்படிச் செய்தவைதான். எங்கள் உரக் குழுவில் மட்டை போடுகிறவர்கள் எல்லோரும் பெண்கள். குதிரைத்திறன் எவ்வளவு என்று அவர்கள் கேட்பதில்லை. “எவ்வளவு உயரம் தூக்கணும்?” என்றுதான் கேட்பார்கள்.

மட்டையை அடிப்பக்கம் முதலில் விட வேண்டும். ஓலை இலக்குகள் (தனித்தனிச் சிற்றிலைகள்) எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அடிமட்டை முன்னால் போனால் அவை தண்டோடு ஒட்டி மடங்கிப் பின்னாலேயே வரும். நுனியை முதலில் விட்டால் ஒவ்வொரு இலக்கும் எதிர்த்து விரியும், வாயில் நாலு பக்கமும் அடைத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் நுனி லேசாக இருக்கிறதே என்று அதைத்தான் முதலில் தூக்குவார்கள்.

ஆக, கனமான பக்கத்தைத்தான் தூக்கியாக வேண்டும். வாயின் உதடு இடுப்புக்குக் கீழே, 75 செ.மீ. உயரத்தில் இருந்தால் ஒருத்தி தனியாக அடிமட்டையை வைத்துவிட்டு நுனிப்பக்கம் போய்த் தள்ள முடியும். தரையோடு தரையாக வைத்தாலும் தவறு. நாளெல்லாம் குனிய வேண்டும், மண்ணும் கல்லும் கூடவே உள்ளே போகும். மண் பட்ட பிளேடு அரை நாளில் மழுங்கிவிடும்.

அடிமட்டை ஒரு சாண் அகலம் இருக்கும், சிலது அதற்கு மேலும். வளைந்தும் இருக்கும். வெளி வாய் மூன்றடி அகலம் வைத்து, உள்ளே வரவரக் குறுக்குங்கள். திடீரென்று குறுக்கினால் வளைந்த மட்டை மூலையில் முட்டி நிற்கும்.

உரத்துக்கு 9 மி.மீ. வெட்டு நல்ல அளவு. காசர்கோட்டில் இருக்கும் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் தென்னை ஓலையிலேயே மண்புழு உரம் செய்யும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. சாணி சேர்த்து ஊற வைத்துப் புழுவை விட்டால் ஓலை கருப்பாகப் பொடிந்துவிடும். தண்டுப்பகுதிதான் மெதுவாக மக்கும். இந்த இயந்திரம் எங்களுக்கு அதற்காகத்தான்.

#4 பேராவூரணி_விவசாயி

இரண்டு பேர் சொல்வதும் சரி. எனக்கு ஒரு கேள்வி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்தவே மாதக்கணக்கில் ஆனது. கிடந்து மக்கிய தடியில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, தப்பித்த மரத்தையும் கடித்தது. செய்வதுதான் செய்கிறீர்கள், தடியையும் வெட்டுகிற மாதிரி செய்யக் கூடாதா? உங்கள் பக்கமும் வாடல் நோயில் மரம் வெட்டுகிறார்கள் அல்லவா?

#5 பட்டறை_சிங்காநல்லூர்

வேண்டாம் அண்ணா. தென்னந்தடி ஓரடி விட்டம் வரும். வெளிப்பக்க நார் இரும்பு மாதிரி, உள்ளே சோறு. அதற்குத் தொண்டை (வாயின் உள்பக்கத் துளை) பெரிசாக வேண்டும், தட்டு பெரிசாக வேண்டும், எடை மூன்று மடங்காகும். பிறகு அது குட்டி யானையில் ஏறாது. தடிக்குத் தனி இயந்திரம்தான். இதில் மட்டை, பாளை, பன்னாடை, கொத்துக் காம்பு போகட்டும்.

அக்கா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். 75 செ.மீ. உதடு, மூன்றடி வாய். நீளம் எவ்வளவு?

#6 வன்னி_லண்டன்

நான் இங்கே மரம் வெட்டும் கொம்பனி ஒன்றில் வேலை. மட்டை வெட்டியதில்லை, ஆனால் தினமும் கிளை வெட்டும் மெசினுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். நீளத்தைப் பற்றிச் சொல்லலாம்.

அமெரிக்காவில் மரவேலைக்கான பாதுகாப்பு விதி, ஆன்சி இசட்133, உள்ளிழுக்கும் உருளை இல்லாத மெசினுக்கு 85 அங்குலம் கேட்கிறது. பிளேட்டிலிருந்து வாயின் நடுக்கோடு வழியாக வெளியே வந்து நிலம் வரைக்கும் அந்த 85. ஏறத்தாழ 216 செ.மீ. நிற்கிற ஆள் எட்டிக் குனிந்தாலும் கை பிளேட்டுக்குப் போகக்கூடாது என்பதுதான் கணக்கு. உங்களுடையதில் உருளை இருக்கும். ஆனால் உருளையும் கையை இழுக்கும், பிளேட்டை விட மெதுவாக, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே அதே நீளத்தை வையுங்கள்.

உருளை வைத்தால் நிறுத்தும் சட்டமும் வைக்க வேண்டும். இங்கே வாயின் மேலேயும் இரண்டு பக்கத்திலேயும் ஒரு சட்டம் சுற்றி வரும், தள்ளினால் உருளை நிற்கும். வாயின் கீழ் உதட்டில் இன்னொன்று இருக்கும். யாரையாவது கிளை இழுத்துக்கொண்டு போனால் தொடை அதில் முட்டும், உருளை தானாக நின்றுவிடும். கை இரண்டும் சிக்கின ஆளுக்கு இருக்கிற ஒரே வழி அதுதான். காசு மிச்சம் பிடிக்க வேறு எதையும் குறையுங்கள், அந்தக் கீழ்ச் சட்டத்தைக் குறைக்காதீர்கள் அண்ணை.

எடையைப் பற்றியும் ஒன்று. ஐரோப்பாவில் சாதாரணக் கார் லைசென்சோடு யாரும் 750 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். அதனால் ஆறு அங்குலக் கிளை வரை வெட்டும் மெசின் செய்கிற கொம்பனிகள் பல, அந்த 750 கிலோவுக்குள் அடக்கத்தான் தலையை உடைக்கிறார்கள். கொண்டுபோகிற வழியை முதலில் எழுதி வைத்துவிட்டு மெசினை வரைகிறார்கள்.

#7 ஆனைமலை_தோப்பு

நன்றி தம்பி. இப்போது எனக்குத் தலை சுற்றுகிறது. 85 அங்குலம் என்றால் ஏழடி. குட்டி யானையின் பெட்டியே ஏழடிக்குச் சற்றுத்தான் கூட, அகலம் ஐந்தடி கூட இல்லை. வாயே பெட்டி முழுக்க வந்தால் இயந்திரத்தை எங்கே வைப்பது? வாயைக் கழற்றிப் போடுகிற மாதிரி செய்துவிடலாமா?

#8 ஓய்வு_வேளாண்பொறியாளர்

கழற்றுவது வேண்டாம். போல்ட்டில் கழற்றும் வாய் முதல் மாதம் இயந்திரத்தோடு கூடவே வரும். அப்புறம் கொட்டகையில் கிடக்கும். “இன்றைக்குக் கொஞ்சம்தான் வேலை, அது எதற்கு” என்று சொல்லி வாயில்லாமல் ஓட்டுவார்கள். டிராக்டர்களில் பி.டி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறை என்ன ஆனது என்று பாருங்கள். கழற்ற முடிந்த பாதுகாப்பு எதுவும் நம் வயலில் நிலைத்ததில்லை. குறுக்குவதும் கூடாது. மடக்க வேண்டும்.

லண்டன் தம்பி சொன்ன 85 அங்குலத்தைக் கவனமாகப் படியுங்கள். பிளேட்டிலிருந்து நிலம் வரைக்கும் என்கிறார். உதடு 75 செ.மீ. உயரம் என்றால் அந்த 75 கணக்கில் சேர்ந்துவிடுகிறது. மீதி 141 செ.மீ. தான் வாயின் நீளம். அதில் 60 செ.மீ. நிலையான பகுதி, உருளைகள் அதற்குள் அடங்கும். வெளிப்பக்கம் 81 செ.மீ. மேசைப் பகுதியைக் கீல் போட்டு மேலே மடக்குங்கள். 2 மி.மீ. தகட்டில் மூன்றடி அகல மேசை 11, 12 கிலோ, சட்டத்தோடு 20 கிலோ. கீல் அடியில் இருப்பதால் தூக்குகிறவர் கைக்குப் பாதி எடைதான் வரும். ஒரு ஆள் போதும்.

மேசையை மடக்கினால் அது நிலையான வாயை முழுதாக மூட வேண்டும். இதுதான் முக்கியம். பாதி மூடுகிற மாதிரி செய்தால் மடக்கியபடியே பக்கத்தில் மட்டையைச் செருகி ஓட்டுவார்கள். முழுதாக மூடினால், தட்டு ஓடிக்கொண்டிருந்தாலும் கை போக வழி இல்லை. கூடவே மேசையின் கீலிலிருந்து ஒரு கம்பியை, உருளையை ஓட்டும் ஹைட்ராலிக் எண்ணெய் போகும் வால்வுக்கு இழுத்துவிடுங்கள். மேசை முழுதாக விரிந்து கொண்டி விழுந்தால்தான் வால்வு திறக்க வேண்டும். மின்சாரச் சுவிட்சு வேண்டாம், தூசியிலும் மழையிலும் கெட்டுப்போகும், கெட்டதும் ஒயரை முறுக்கி நேராக்கி விடுவார்கள்.

இப்படி மடக்கினால் பெல்ட் உறையிலிருந்து மேசை வரை மொத்த நீளம் நாலேகால் அடிக்குள் வந்துவிடும். பெட்டியில் பி.டி.ஓ. தண்டு, மாற்றுப் பிளேடு, கிரீஸ் டப்பா வைக்கவும் இடம் மிஞ்சும்.

மூன்று முனை இணைப்பில் தொங்கும்போதும் இந்த மடிப்பு உதவும். இயந்திரம் 400 கிலோ, அதன் எடை மையம் பின் அச்சிலிருந்து 1.4 மீட்டர், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 1.9 மீட்டர் என்று வைத்தால் முன்சக்கரத்திலிருந்து 295 கிலோ குறைகிறது. வாய்க்கால் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கும், ஸ்டீயரிங் பிடிக்காது. மையத்தை 20 செ.மீ. முன்னால் கொண்டுவந்தால் 40 கிலோவுக்கு மேல் திரும்பி வரும். அதனால் தட்டையும் பெல்ட்டையும் டிராக்டரை ஒட்டி வையுங்கள், பின்னால் நீளுவது லேசான தகடாக இருக்கட்டும். மேடு பள்ளத்தில் போகும்போது மேசையை மடக்கியே ஓட்டுங்கள்.

#9 பட்டறை_சிங்காநல்லூர்

ஐயா, வணக்கம். ஒரு சந்தேகம். கீலுக்குள் மட்டை நார் புகும். இரண்டு மாதத்தில் இறுகும், அல்லது ஆடும். ஆடுகிற மேசையில் ஒருநாள் மட்டை மாட்டி நிற்கும். மேசையை உள்ளே சொருகும் டிராயர் மாதிரி செய்தால் என்ன?

#10 ஓய்வு_வேளாண்பொறியாளர்

டிராயர் தண்டவாளத்தில் நார் இன்னும் அதிகமாகப் புகும். கீலே போதும். கதவுக் கீல் போடாதீர்கள். 25 மி.மீ. தண்டு, தடித்த குழாய்ப் புஷ், இரண்டு முனையிலும் கிரீஸ் நிப்பிள். கீல் தகட்டுக்கு அடியில் இருக்கட்டும். மேசைத் தகடு நிலையான தகட்டின்மேல் இரண்டு அங்குலம் ஏறிப் படியட்டும். மட்டை போகும் திசையில் மேல் தகட்டிலிருந்து கீழ்த் தகட்டுக்கு இறங்கினால் மாட்டாது.

நாரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். தென்னையில் வெட்டுவதைவிட நாரைச் சமாளிப்பது பெரிய வேலை. சுழலும் பிளேட்டுக்கும் அசையாமல் நிற்கும் எதிர்ப் பிளேட்டுக்கும் இடைவெளி கூடினால் நார் வெட்டுப்படாமல் மடிந்து நழுவும். நழுவிய நார் தண்டில் சுற்றும், சுற்றியது பேரிங் சீலைத் தின்னும், கிரீஸ் காய்ந்து பேரிங் போகும். இடைவெளியை ஒரு மி.மீ. அளவில் வைத்து அடிக்கடி பாருங்கள். பேரிங்குகளைத் தட்டை மூடியிருக்கும் கூட்டுக்கு வெளியே, விரலளவு சந்து விட்டுப் பொருத்துங்கள். சுற்றும் நார் அந்தச் சந்தில் கண்ணுக்குத் தெரியும், கத்தியால் அறுத்து எடுக்கலாம்.

பிளேடுகளை எப்போதும் ஜோடியாகவே தீட்டி, எடை பார்த்து, எதிரெதிரே போடுங்கள். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் பிளேடு செய்து பட்டறையிலேயே தண்ணீரில் தோய்ப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சுற்றில் விரிசல் விட்ட பிளேடு வெடித்துப் பறக்கும். சூட்டுப் பதம் தெரிந்த இடத்தில் கொடுத்து வாங்குங்கள்.

#11 பட்டறை_சிங்காநல்லூர்

சரி ஐயா, கீலே போடுகிறேன். பிளேடு வெளியே கொடுத்துத்தான் வாங்குவேன்.

#12 வன்னி_லண்டன்

ஐயாவுக்கு ஒரு கேள்வி. 55 கிலோத் தட்டு 1080 சுற்றில் ஓடினால், உழவு மிஷின் கிளச்சை மிதித்த பிறகும் நிற்காதே?

#13 ஓய்வு_வேளாண்பொறியாளர்

நிற்காது. அந்தத் தட்டில் ஏறத்தாழ 16 ஆயிரம் ஜூல் ஆற்றல் இருக்கும், 21 குதிரைத்திறன் எஞ்சினை ஒரு நொடி முழுதாக ஓட்டியதற்குச் சமம். பி.டி.ஓ.வை நிறுத்தியபின் தட்டு வெகு நேரம் சும்மா சுற்றும். கூட்டின் மூடியை, ஸ்பானரால் போல்ட்டைக் கழற்றாமல் திறக்க முடியாதபடி செய்யுங்கள். சட்டென்று திறக்கும் கொண்டி போட்டால் “நின்றுவிட்டது” என்று நினைத்துத் திறப்பார்கள்.

பழைய டிராக்டர்களில் இன்னொரு ஆபத்து. பி.டி.ஓ. கியர்ப் பெட்டியோடு சேர்ந்திருந்தால், கிளச்சை மிதித்தபின் தட்டு டிராக்டரையே முன்னால் தள்ளும். பக்கத்தில் வாய்க்கால் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் ஓவர்ரன் கப்ளிங் ஒன்றைத் தண்டில் போட்டே ஆக வேண்டும். பாரம் மீறினால் தானே அறுந்துவிடும் ஷியர் போல்ட்டும் வேண்டும்.

#14 உரக்குழி_உடுமலை

ஐயா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேலை செய்கிறவர்கள் பக்கமிருந்து சில விஷயம்.

சேலை முந்தானையை இழுத்துச் செருகி, மேலே முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானிட்ட பிறகுதான் வாய்ப்பக்கம் வர வேண்டும். ஆண்களுக்குத் தோளில் துண்டு கூடாது. வாய் அகலமான கையுறை மட்டையின் சிம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போகும், மணிக்கட்டை ஒட்டிய கையுறை கொடுங்கள். மட்டைக் கட்டைக் கயிற்றோடு யாரும் வாயில் வைக்கக் கூடாது. கயிறு உள்ளே போனால் மறுமுனை யார் காலில் சுற்றியிருக்கிறது என்று பார்க்க நேரம் இருக்காது.

நிறுத்தும் சட்டத்தின் உயரத்தை ஆண்களை வைத்து அளக்காதீர்கள். எங்களில் பாதிப்பேர் ஐந்தடிக்கும் கீழ். தொடையில் முட்ட வேண்டிய கீழ்ச் சட்டம் எங்கள் வயிற்றில் முட்டினால், அது வேலை செய்வதற்குள் நாங்கள் மேசைமேல் சாய்ந்திருப்போம்.

தூள் வெளியே வரும் குழாய் 360 பாகையும் திரும்பட்டும். மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தியிலேயே நேராக விழுந்தால், வாரிச் சுமக்கிற வேலை முழுதாகப் போய்விடும். மழைக்காலத்தில் ஈர ஓலை அந்தக் குழாய் வளைவில்தான் அடைக்கும். வளைவை அகலமாக, மெதுவாக வையுங்கள்.

#15 பேராவூரணி_விவசாயி

குட்டி யானையில் ஏற்றுவது எப்படி? 400 கிலோவை யார் தூக்குவது?

#16 ஆனைமலை_தோப்பு

எங்கள் தோப்பெல்லாம் ரோட்டோரம் மேடு இருக்கிறது அண்ணா. வண்டியைப் பின்பக்கமாக மேட்டோடு ஒட்டி நிறுத்தி, பின் தட்டியைத் திறந்துவிட்டால், டிராக்டர் மேட்டின்மேல் பின்னால் வந்து நேராக இறக்கிவிடும். மேடு இல்லாத இடத்துக்குக் கொட்டகையில் செயின் பிளாக் இருக்கிறது. இயந்திரத்தின் தலையில், எடை மையத்துக்கு நேர் மேலே, ஒரு வளையம் வெல்டு செய்யச் சொல்கிறேன். நாலு காலும் மடங்கட்டும், வண்டித் தரையில் பதித்துக் கட்ட இரண்டு பக்கமும் கொக்கி இருக்கட்டும்.

இதுவரை பேசியதை வைத்துப் பட்டறைத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுக்கப் போவது: மடக்கிய நீளம் நாலேகால் அடி, அகலம் நாலடிக்குள், எடை 400 கிலோவுக்குள். விரித்தால் 141 செ.மீ. வாய், 75 செ.மீ. உதடு. மேசை கழறக் கூடாது. குதிரைத்திறனை நான் எழுதப்போவதே இல்லை, இதற்குள் எது அடங்குகிறதோ அது போதும்.

தம்பி, எப்போது தகடு வெட்டலாம்?

#17 உரக்குழி_உடுமலை

தகடு வெட்டும் முன்னால் பிளைவுட்டில் வாயையும் மேசையையும் மட்டும் அந்த அளவில் அடித்து நிறுத்துங்கள். எங்கள் ஆட்கள் நாலு பேர் வந்து ஒரு மணி நேரம் மட்டை வைத்துப் பார்க்கட்டும். உயரம், சாய்வு, சட்டம் முட்டும் இடம் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிளைவுட்டை அறுத்து ஒட்டலாம், இரண்டு மி.மீ. தகட்டை வளைத்தபின் அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

#18 பட்டறை_சிங்காநல்லூர்

அக்கா, நல்ல யோசனை. பிளைவுட் என்னிடமே கிடக்கிறது, அடித்து வைக்கிறேன். நீங்கள் வரும்போது பச்சை மட்டை, காய்ந்த மட்டை இரண்டும் கொண்டு வாருங்கள். அண்ணா, உங்கள் தோப்பில் இருப்பதிலேயே அகலமான, நன்றாக வளைந்த அடிமட்டையாகப் பார்த்து எடுத்து அனுப்புங்கள். தொண்டை அளவை அதை வைத்துத்தான் போடப் போகிறேன்.